மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

இனி நடப்பதில்லை என்று ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடியே முடிவெடுத்தேன். எழுந்து உட்கார்ந்து எடுத்திருந்தால் ஒருவேளை நன்றாக யோசித்திருப்பேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு லிஃப்டுகள் என் பொறுப்பு. எது எப்போது எந்த மாடிக்கு நடுவில் நிற்கும் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. அதனால் ஃபோன் என்னை விட்டு ஒரு சாண் நகராது. அடித்தால் பதறுவேன். அடிக்காவிட்டால், ஏன் அடிக்கவில்லை என்று இன்னும் பதறுவேன். உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் விரல் ஆடும். ஊரையே ஏற்றி இறக்குகிறவனுக்கு நாலு படி ஏறினால் நாக்குத் தள்ளும்.

என் மனைவி தையல்காரி. என் இடுப்பு வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பது அவளுக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. டாக்டர்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நம்பிக்கை இருப்பதுதான் பிரச்சினை. போனால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாயோடு வந்து நின்றாள்.

"நாய் வளர்த்தா ரத்தக்கொதிப்பு குறையுமாம். மனசு லேசாகுமாம். நல்லா தூக்கம் வருமாம்."

"யாருக்கு? நாய்க்கா?"

"உங்களுக்கு. தினமும் காலையில இவனை நீங்கதான் நடக்கக் கூட்டிட்டுப் போறீங்க."

பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், இன்னொன்று படுத்திருக்கும். எந்த வேலையும் செய்யாமல், நான் செய்யும் வேலையை மட்டும் கண்கொட்டாமல் பார்த்ததால் 'மேனேஜர்' என்று பெயர் வைத்தேன். விடிந்ததும் விடியாததுமாக என் மூக்குக்கு நேரே வந்து மூச்சு விடும். தெருவுக்குப் போனால் ஒவ்வொரு கம்பத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போடும். நான் ஒரு கையில் சங்கிலியும் மறு கையில் ஃபோனுமாகத் தவிப்பேன். நாய் படாத பாடு என்பார்களே, அதை எங்கள் வீட்டில் உண்மையாகவே நாய் படவில்லை. நான் பட்டேன்.

ஆனால் "நடக்க மாட்டேன்" என்று நேராகச் சொல்ல நான் என்ன பிரம்மச்சாரியா? அதனால் ஒரு திட்டம். மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. நாய்க்கு ஓய்வு என்றால் எனக்கும் ஓய்வு.

மறுநாள் காலை, தையல் மிஷின் முன்னால் போய் நின்றேன்.

"மேனேஜருக்கு உடம்பு சரியில்ல."

மிஷின் நின்றது. "என்ன செய்யுதாம்?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. பொய்க்குக் கற்பனை வேண்டும். என்னிடம் ஸ்பேனர்தான் உண்டு. கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்தேன்.

"படி ஏறினா மூச்சு வாங்குது."

"அப்புறம்?"

"தூக்கமே இல்ல. புரண்டு புரண்டு படுக்குது. ஃபோன் அடிச்சா தூக்கிவாரிப் போடுது."

"அப்புறம்?"

"நெஞ்சு படபடங்குது. பின்மண்டை வலிக்குது."

"பின்மண்டை வலின்னு நாய் சொல்லுச்சா?"

"பார்த்தாலே தெரியுது!"

அளவு நோட்டை எடுத்து, சட்டைக்கு அளவு குறிப்பது போல வரிசையாக எழுதிக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள், "எத்தனை நாளா?"

"ஒரு ஏழெட்டு மாசமா."

"நாய் வந்தே மூணு வாரம்தான் ஆகுது."

"வரும்போதே இருந்திருக்கும்!"

"பாவம். கிளம்புங்க, இப்பவே காட்டிடலாம்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துப் பழக்கமில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கால்நடை டாக்டர் ஒரு பெண்மணி. மேனேஜரை மேசையில் ஏற்றி வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழாயை வைத்தார். அது அவர் கையை நக்கியது.

"இவனுக்கு ஒண்ணுமே இல்லையே. குதிரை மாதிரி இருக்கான்."

மனைவி நோட்டை நீட்டினாள். படிக்கப் படிக்க டாக்டரின் புருவம் மேலே ஏறி, ஏதோ ஒரு மாடியில் நின்றுவிட்டது.

"ஃபோன் அடிச்சா தூக்கிவாரிப் போடுதா? நாய்க்கு யாருங்க ஃபோன் பண்றாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. நான் ஒரு முழம் எகிறினேன். மேனேஜர் கொட்டாவி விட்டது.

டாக்டர் நோட்டை மூடினார். "இது நாயோட உடம்பு இல்லீங்க."

"தெரியும் டாக்டர்" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா என்ன செய்யுது, என்ன செய்யுதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னீங்க. அந்தப் பின்மண்டை வலி எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே சண்டை போடுகிறவள் அவள். அவள் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை. பார்க்க முடியாமல் குனிந்து நாயின் காதைத் தடவினேன். அது தலையை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். என் கால் ஆடவில்லை.

"மனுஷ டாக்டர் பக்கத்துக் கட்டடத்துலதான் இருக்கார்" என்றார் கால்நடை டாக்டர். "போயிட்டு வாங்க. இவன் இங்கேயே இருக்கட்டும்."

அங்கே இருபது பேர் காத்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. "ஐயையோ, கூட்டம்! இன்னொரு நாள்..." என்று திரும்புவதற்குள் உள்ளிருந்து "மூணு!" என்று குரல் வந்தது. மனைவி கைப்பையிலிருந்து ஒரு டோக்கனை எடுத்து நீட்டினாள். மூன்றாம் எண். அதை எப்போது வாங்கினாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். இரண்டாம் முறையும் அடித்தார்.

"கொதிப்பு நல்லாவே ஏறியிருக்கு. இப்பவாவது வந்தீங்களே. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா..." மீதியை அவர் சொல்லவில்லை. மாத்திரை எழுதினார். உப்பைக் குறைத்தார். "நடக்கறீங்களா?"

"காலையில, நாயோட."

"ரொம்ப நல்லது. அதை விட்டுடாதீங்க. சாயங்காலமும் அவனோட போங்க. ஃபோனை வீட்டுல வெச்சுட்டு."

ஒரு வேளை நடையிலிருந்து தப்பிக்கக் கிளம்பியவன் இரண்டு வேளை நடையோடு வெளியே வந்தேன். கால்நடை டாக்டரிடம் போனால் கால் நடையில்தான் முடியும் போலிருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேனேஜரை அழைத்துக்கொண்டு மூவருமாக வீட்டுக்குத் திரும்பும்போது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. ஃபோன் எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட நினைவில்லை. அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா, அந்த டோக்கனை எப்ப வாங்கினே?"

"நேத்து சாயங்காலம்."

நின்றுவிட்டேன். "நான் பொய் சொன்னதே இன்னைக்குக் காலையிலதானே!"

"நேத்து மத்தியானம் இவன்கிட்ட, 'ஏண்டா, உடம்பு கிடம்பு சரியில்லையா'ன்னு நாலு தடவை கேட்டீங்க. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்துல என்னை ஒரு தடவை அப்படிக் கேட்டிருக்கீங்களா? அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் நடையை எட்டிப் போட்டேன்.