ஈரம் படாத நீர்நாய்க்குட்டி

ஒரு காட்டில், குட்டிகளுக்குக் காட்டைக் காட்டுவதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சிரிக்காதீர்கள், முதல் நாளே வரிசை ஆற்றங்கரை வரைக்கும் நின்றது. திறந்தது ஒரு வாத்து. வருஷா வருஷம் வடக்கேயிருந்து வந்து போகிற ரகம், இந்த வருஷம் திரும்பாமல் தங்கிவிட்டது. குளிர்தேசத்தில் குழந்தைகளை நாள் முழுக்க மரத்தடியில் விட்டுத்தான் வளர்க்கிறார்களாம், உலகமெங்கும் இப்போது அதுதான் பேச்சாம். இதைக் கேட்டதும், பிறந்ததிலிருந்து மரத்தடியிலேயே கிடக்கும் நம் ஆட்களுக்குச் சொந்த மரத்தடி மட்டமாகத் தெரிந்துவிட்டது.

செவந்தி என்கிற நீர்நாயும் மகன் தர்ஷனை இடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் வம்சத்தில் நடை பழகுவதும் நீச்சல் பழகுவதும் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். அப்படிப்பட்டவள், நேர்முகத்துக்கு ஈரத்தோடு போனால் இடம் தரமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, நீச்சல் பழகவேண்டிய வயதில் குட்டியைப் பத்து நாளாக ஆற்றுப்பக்கமே விடாமல் தேக்கிலையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால் நாத்தனார் பேச்சி, தன் மகள் சுடலியோடு நின்றாள். சுடலி அப்போதுதான் ஆற்றிலிருந்து ஏறி வந்திருந்தாள். சொட்டச் சொட்ட.

வாத்து மிஸ் ஒரு பட அட்டையை நீட்டி, "இதில் தண்ணீர் எது?" என்று கேட்டார்.

தர்ஷன் யோசித்துவிட்டு, "நீலமா இருக்கிறது" என்றான். இடம் கிடைத்துவிட்டது. சுடலி அட்டையிலிருந்த மீனைக் கடித்துவிட்டாள். அவளைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள்.

"விடுங்க மதினி, இவ ஆத்துலயே கிடக்கட்டும்" என்றாள் பேச்சி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

செவந்திக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். காட்டுத்தனமாக வளர்த்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். காட்டில் நின்றுகொண்டுதான் நினைத்தாள்.

ஆனியில் பள்ளி தொடங்கியது, ஆற்று நடுவே, கால் நனையாமல் போகிற ஒரு மணல்திட்டில். மழைக்கோட்டு வேண்டும், முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வேண்டும், நாலு காலுக்கும். ஆடியில் காற்று அடித்தபோது ஒரு வாரம் முழுக்க 'காற்றை உணர்தல்' என்று பாடம் நடந்தது. குட்டிகள் கண்ணை மூடி உட்கார்ந்து உணர்ந்தன. முள்ளம்பன்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த முயல் மட்டும் வேறு எதையோ உணர்ந்து அழுதது. ஆவணியில் ஒரு குரங்குக்குட்டி தன்பாட்டுக்கு மரமேறிவிட்டது. படிவம் நிரப்பாமல் எப்படி ஏறலாம் என்று அதன் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அம்மாவும் மரத்திலிருந்து இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுபடி மரமேறிப் போனாள்.

படிவம்தான் அங்கே எல்லாம். மண்ணைத் தொட ஒன்று, புழுவைப் பார்க்க ஒன்று. தண்ணீருக்கு இரண்டு. முழங்கால் அளவுக்குப் பச்சை, அதற்கு மேலே சிவப்பு. தர்ஷன் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. படிவம் இல்லாமல் ஒரு சொட்டில் கால் வைக்கமாட்டான். ஒருநாள் செவந்தி அவனை ஆற்றுக்குக் கூப்பிட்டபோது, "பச்சையாம்மா, சிவப்பாம்மா?" என்று கேட்டான். பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்றுகூட அவள் யோசித்தாள். ஆனால் புரட்டாசியில் மிஸ் அவன் கழுத்தில் 'இயற்கையின் தோழன்' என்று ஒரு அட்டையைத் தொங்கவிட்டு அனுப்பினார். யோசனையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்த அட்டையைத் தெருத்தெருவாகக் காட்டிவிட்டு வந்தாள் மகராசி.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலையில் மலையிலிருந்து வெள்ளம் இறங்கி மணல்திட்டைச் சுற்றி வளைத்தது. தண்ணீர் சூழும் முன்பே மற்ற குட்டிகளை அவரவர் அம்மாக்கள் வாயில் கவ்விக்கொண்டு ஓடிவிட்டார்கள். செவந்தி நீந்திப் போய்ச் சேர்ந்தபோது, தர்ஷன் மழைக்கோட்டும் பூட்ஸுமாகத் திட்டின் உச்சியில் ஒரு மரவேரைக் கட்டிப்பிடித்து நின்றான்.

"வாடா, முதுகில ஏறு."

"சிவப்புப் படிவம் எங்கேம்மா?"

இழுத்துப் பார்த்தாள். வேரை விடமாட்டேன் என்கிறான். ஒரு அறை விட்டுக் கவ்விக்கொண்டு வந்திருக்கலாம். அவள் பாட்டியாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பாள். செவந்தி படித்த பிள்ளையின் அம்மா அல்லவா, திரும்பி மிஸ்ஸைத் தேடினாள்.

மிஸ் பக்கத்திலேயே, வெள்ளத்தில் சொகுசாக மிதந்துகொண்டிருந்தார். இறக்கைக்குள்ளிருந்து நனையாத சிவப்புப் படிவம் ஒன்றை உருவி நீட்டினார். "ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்புங்கள்."

செவந்தி நிரப்பினாள். குட்டியின் பெயர். பிறந்த மாதம். பிடித்த நிறம். தண்ணீர் அவன் பூட்ஸுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் அவள் கை நின்றுவிட்டது. 'குழந்தைக்கு நீச்சல் தெரியுமா? ஆம் / இல்லை.'

நீர்நாயிடம் கேட்கிற கேள்வியா இது. 'இல்லை' என்பதுதான் உண்மை. ஆனாலும் மிஸ் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆம்' என்று எழுதினாள்.

எழுதி நிமிர்வதற்குள் வேர் பிடுங்கிக்கொண்டது. தர்ஷன் அப்படியே முங்கினான். செவந்தி படிவத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். பூட்ஸ் கனத்தில் அவன் ஆழத்துக்குப் போய்விட்டிருந்தான். கலங்கல் தண்ணீரில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் துழாவினாள்.

வெள்ளத்தில் மீன் நிறைய வரும் என்று விடிந்ததிலிருந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த சுடலிதான் அடியில் போய், மழைக்கோட்டைப் பல்லால் பிடித்து, அவனை இழுத்துக்கொண்டு கரையேறினாள். மிஸ் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

தர்ஷன் பிழைத்தான். செவந்தி சுடலியைக் கட்டிக்கொண்டு, "நீ என் குலசாமிடி" என்று அழுதாள். பள்ளியின் பக்கமே இனி தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தியமும் செய்தாள். இரண்டு நாள் அந்தச் சத்தியம் இருந்தது. மூன்றாம் நாள் பள்ளியிலிருந்து தாக்கீது வந்தது. பெற்றோர் தவறான தகவல் எழுதியதற்குப் பள்ளி பொறுப்பாகாது என்றும், இம்முறை பெரிய மனது பண்ணி மன்னிப்பதாகவும். செவந்தி நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மார்கழிப் பனியில் பள்ளி வாசலில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். சுடலி தர்ஷனை இழுத்து வரும் படம். கீழே, 'எங்கள் பயிற்சி, எங்கள் பெருமை.'

அன்றைக்கே பேச்சி ஓட்டமும் நடையுமாகச் செவந்தி வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் பல்.

"மதினி, சுடலிக்கு இடம் தர்றேன்னு மிஸ்ஸே ஆள் அனுப்பியிருக்காங்க. நாளைக்கு நேர்முகம். உங்ககிட்ட அந்தத் தேக்கிலை இருக்கா?"

செவந்தி இலையை எடுத்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. சுடலியை மடியில் உட்காரவைத்து, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் தானே துடைத்துவிட்டாள்.

நீதி: உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரிந்திருந்தால் தாமதிக்காமல் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அங்கே அதைச் சரிசெய்துவிடுவார்கள்.