பெண் பார்க்கப் போன நாளில் இரண்டு ஊசி

என் மனைவியை நான் சரியாகப் பார்த்தது கல்யாணத்தன்றுதான். பெண் பார்க்கப் போன நாளில் எனக்குக் கண் தெரியவில்லை. அது முழுக்க என் தப்பு.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்பு திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். உடலியல் பாடம் எடுத்த டாக்டர், இதயத் துடிப்பை நரம்புகள் எப்படி ஆளுகின்றன என்று மாணவர்களுக்குக் காட்ட நினைத்தார். ஒரு நரம்பு இதயத்தை அடக்கிவைக்கும், இன்னொன்று விரட்டும். அட்ரோபின் ஊசி போட்டால் அடக்கும் நரம்பின் பிடி விட்டுப்போகும். அப்போது நாடி எவ்வளவு ஏறுகிறது என்று எண்ண வேண்டும். அதற்கு ஓர் ஆள் தேவை. நான் கையை நீட்டினேன். (மாணவர்கள் முன்னால் வீரனாக நிற்க அப்படி ஓர் ஆசை.)

கால் மணி கழித்து எண்ணினார்கள். எழுபத்திரண்டாக இருந்த நாடி அறுபத்தாறுக்கு இறங்கியிருந்தது. மருந்து கொஞ்சமாகப் போனால் முதலில் அப்படி இறங்குவதும் உண்டு. அது டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

"என் இதயம் இதுக்கெல்லாம் அசையாது சார். இன்னொண்ணு போடுங்கோ" என்றேன்.

"மதி, மதி" என்று மலையாளத்தில் தடுத்தார் டாக்டர். "இன்னிக்கு இது போதும்."

"பிள்ளைகள் பார்க்க வேண்டாமா சார்?"

யோசித்துவிட்டுப் போட்டார். அரை மணியில் நாடி நூற்றிருபது. மாணவர்கள் கைதட்டினார்கள். அப்போதுதான் நினைவு வந்தது: நாலரை மணிக்குக் கிழக்கேகோட்டையில் பெண் பார்க்கப் போக வேண்டும். அம்மா நேரே அங்கே வந்துவிடுவாள்.

போனேன். அதற்குள் மருந்து கண்ணின் பாவையை விரித்து, வாயையும் வேர்வையையும் உலர்த்திவிட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசியது. கோமதி என்ற அந்தப் பெண் தட்டோடு வந்தபோது ஒரு சிவப்புப் புடவை மட்டும் மங்கலாக நகர்ந்தது. கேசரியை வாயில் போட்டேன். எச்சில் ஒரு சொட்டு இல்லை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பெண்ணின் மாமா வைத்தியர். "என்ன படிச்சிருக்கேள்?" என்று கேட்டார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவர் எழுந்து வந்து என் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார்.

"ஊமத்தங்காய் தின்னிருக்கான்" என்றார்.

அம்மா அழத் தொடங்கினாள். வாந்தி எடுக்கவைக்க யாரோ புளி கரைக்கப் போனார்கள். (மாமாவைக் குறை சொல்ல முடியாது. ஊமத்தையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே சரக்குதான்.)

"அவருக்கு நாக்கு வறண்டிருக்கு மாமா. முதல்ல ஜலம் குடுங்கோ" என்றது சிவப்புப் புடவை. அவளே ஒரு செம்பு கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு ஊசியோட நிறுத்தியிருக்கலாமே" என்றார் மாமா.

சொல்லியனுப்புவதாகப் பெண்ணின் அப்பா சொன்னார். முடிந்தது என்று நினைத்தபடி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். மறுநாள் டாக்டரே அங்கே போய்ப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் கழித்துச் சம்மதம் வந்தது. ஏன் என்று பின்னால் கோமதியிடம் கேட்டேன்.

"அசடுன்னு தெரிஞ்சுது. பொய் சொல்ற அசடு இல்லைன்னும் தெரிஞ்சுது" என்றாள்.

இப்போது எங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க யார் வந்தாலும், கோமதி அவரை வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவைக்கிறாள். போன மாதம் பேத்தியைப் பார்க்க வந்த பையனிடம் அன்றைய பத்திரிகையைக் கொடுத்து நாலு வரி வாசிக்கச் சொன்னாள். அவன் வேர்த்துப்போய் உரக்க வாசித்தான்.

"சரி, பொண்ணை வரச் சொல்லுங்கோ" என்றாள்.