மொறுமொறு சார் சுட்ட மெத்துமெத்து குக்கி

ஓவன் மணி அடிக்கவே இல்லை.

மொறுமொறு சார் ஓவனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, கையுறை மாட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பிள்ளை மாதிரி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குக்கிகள் பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போய், கறுப்பிலிருந்து புகைக்கும் போய்விட்டன. அவர் அசையவில்லை. மணி அடிக்காமல் எப்படி எடுப்பது?

பிஸ்கட் தொழிற்சாலையில் அதுதான் சட்டம். சங்கு ஊதாமல் ஓவன் கதவில் யாரும் விரல் வைக்கக் கூடாது. தீப்பிடித்து எரிந்தாலும் சங்கு ஊதட்டும் என்று காத்திருந்து பழகிய உடம்பு அது. வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுமா என்ன?

புகை கண்ணைக் கரித்தபோதுதான் சட்டத்தை மீறிக் கதவைத் திறந்தார். தட்டில் இருந்தவற்றைக் குக்கி என்று சொன்னால் கரிக்குக்கூடக் கோபம் வரும்.

"ஓவன் வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. அதுக்குள்ள மணி போச்சா?" என்று ஓவனையே கேட்டார்.

கோபித்துக்கொண்டு போன மனைவியைத் திரும்ப வரவழைக்க அவரிடம் இருந்த ஒரே வழி இந்தக் குக்கிதான். போகக் காரணமும் இந்தக் குக்கிதான்.

தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பார்க்கும் வேலை. மாவு அரைக்கும் இயந்திரமும் தகர டப்பா அடைக்கும் இயந்திரமும் போட்டி போட்டுக்கொண்டு அலறும் கூடத்தில், ஒவ்வொரு சுற்றிலிருந்தும் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதோரம் பிடித்து ஒடிப்பார். 'படக்' என்று சத்தம் வந்தால் அந்தச் சுற்று கடைக்குப் போகும். வராவிட்டால் மொத்தமும் கழிவுத் தொட்டிக்கு. இதனால்தான் மொறுமொறு சார் என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் அவருக்கே எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

சமீபகாலமாக அவருக்கு உலகத்தின் மேலேயே வருத்தம். எதை ஒடித்தாலும் சத்தம் வருவதில்லை. "மாவுல கலப்படம் சார், முன்ன மாதிரி இல்லை" என்று சுற்றுச் சுற்றாகத் தொட்டியில் கொட்டச் சொன்னார். மேலாளர் ஒரு பிஸ்கட்டைத் தானே ஒடித்துப் பார்த்தார், தின்றும் பார்த்தார். பிறகு தோளில் கை போட்டு, "ஒரு வாரம் வீட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்படி ரெஸ்ட் எடுக்க வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். மனைவி ஆசை ஆசையாகச் சாக்லேட் ஆரஞ்சு குக்கி செய்து மேசைமேல் ஆற வைத்திருந்தாள். அவர் ஒன்றை எடுத்தார். காதோரம் பிடித்தார். ஒடித்தார். அது ஒடியவில்லை, வளைந்தது. கை தானாகத் தட்டைத் தூக்கிற்று. மொத்தமும் குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது.

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"கொட்டாதீங்க, அது மெத்துனுதான் இருக்கணும்னு அங்கேருந்து எத்தனை தடவை சொன்னேன்!"

"ஒரு தடவைகூடச் சொல்லலையே!"

"சொல்லலையா? இன்னிக்கா சொல்லலை? ஆறு மாசமா நான் பேசுறது எதையாவது மதிச்சிருக்கீங்களா? முதுகுப் பக்கம் நின்னு பேசினா திரும்பிக்கூடப் பாக்குறதில்லை. செவுத்துக்கிட்ட பேசினாலும் எதிரொலியாவது வரும்!"

அவள் குரல் எப்போதுமே மெல்லியது. கோபத்திலும் உயராது. உயராத குரலில் திட்டு வாங்குவதைப் போல வேதனை வேறில்லை. வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, நாலு தெரு தள்ளியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதோடு வீட்டில் அப்படியோர் அமைதி குடியேறியது; குழாய் சொட்டுகிற சத்தம்கூட இல்லை.

இரண்டு நாள் தாங்கினார். மூன்றாம் நாள் வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்துவிட்டார். அவள் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்த செய்முறை தெளிவாகவே இருந்தது. மணி அடித்ததும், நடுப்பகுதி இன்னும் வேகாதது போல் தெரியும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது மெத்தென்று இறுகிக்கொள்ளும். எல்லாம் சரி, மணி அடித்தால்தானே?

இரண்டாவது தட்டுக்கு மணியை நம்பவில்லை. கண்ணால் பார்த்தே எடுத்தார். ஒன்றை ஆறவிட்டு வளைத்தார். அருமையாக வளைந்தது. அங்கேதான் விதி விளையாடியது. இருபது வருடப் பழக்கம் அவர் மூளையைக் கேட்காமல், "இது தேறாது" என்று தீர்ப்பெழுதித் தட்டைத் திரும்ப ஓவனுக்குள் தள்ளிவிட்டது. சுயநினைவு வந்து அவர் தலையில் அடித்துக்கொண்டபோது குக்கி எல்லாம் தரை ஓடாகியிருந்தன. ஒன்றை ஒடித்தார். கை வலித்ததே தவிர, அதிலும் சத்தம் வரவில்லை.

"மொறுமொறுன்னும் வரலை, மெத்துனும் வரலை. இதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று ஸ்டூலில் சாய்ந்துவிட்டார்.

மூன்றாவது முறை, மென்மை வேண்டும் என்று ஆரஞ்சுத் தோல் துருவலோடு முழுப் பழத்தையும் பிழிந்து ஊற்றினார். குக்கிகள் ஒன்றோடொன்று கைகோத்து, தட்டு முழுவதும் ஒரே குக்கியாகி, ஓரத்தில் வழிந்து ஓவனின் அடியில் பொங்கின. அதைச் சரிக்கட்ட மாவைக் கொட்டினார். நாலாவது தட்டில் வந்தவற்றைத் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பந்தாக வைத்து விளையாடியிருப்பார்கள்.

ஒரே ஒரு தட்டுக்கான மாவுதான் மிச்சம். முட்டை தீர்ந்துவிட்டது. தைரியம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அந்தச் சகலைக்கு வெண்கலக் குரல். அவர் போனில் பேசினால் போனே தேவையில்லை. ஊரில் எல்லாரும் வாய்க்குள் முணுமுணுக்கிற இந்தக் காலத்தில், சகலை ஒருவர்தான் ஒழுங்காகப் பேசுகிறவர் என்பது மொறுமொறு சாரின் அபிப்பிராயம்.

"சகலை, நான் இங்க குக்கி செஞ்சு செத்துக்கிட்டிருக்கேன். அவகிட்டச் சொல்லாதீங்க. எப்படி எடுத்தா மெத்துனு வரும்னு நைசா கேட்டுச் சொல்லுங்க."

பதிலில்லை.

"சகலை? இருக்கீங்களா? கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

மறுபடியும் ஒன்றும் இல்லை.

"சத்தமாப் பேசுங்க சகலை!"

"அட என்ன சகலை நீங்க! ரகசியமாக் கேக்குறீங்கன்னு நானும் ரகசியமாப் பேசினா, சத்தமாப் பேசு சத்தமாப் பேசுன்னு உயிரை வாங்குறீங்க! நீங்க குக்கி சுடுற விஷயம் அவளுக்குத் தெரியணுமா, கூடாதா?" என்று சகலை முழங்கினார். அந்த முழக்கத்தில் விஷயம் அவளுக்கு மட்டுமில்லை, அந்தத் தெருவுக்கே தெரிந்துபோயிற்று.

சிறிது நேரம் கழித்து சகலையே மறுபடி லைனில் வந்தார்.

"கேட்டுக்குங்க. நாலு மணிக்கு அங்க வர்றாளாம். கையில பெட்டியோடதான் வர்றா. நீங்க கதவைத் திறந்து, முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசினா, பெட்டி உள்ள வருமாம். பழையபடி கல்லு மாதிரி இருந்தீங்கன்னா அப்படியே ரயிலேறி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவாளாம். இந்தத் தடவை விளையாட்டு இல்லை சகலை. அழுதுக்கிட்டே சொன்னா."

மொறுமொறு சார் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் இல்லாமல் இந்த வீட்டில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்கவே முடியவில்லை. அவளுக்குத் தன்மேல் இத்தனை மனக்குறை எப்படி வந்தது என்பதும் புரியவில்லை. அவள் சொன்ன எதைத்தான் அவர் தட்டினார்? சொன்னால்தானே தட்டுவதற்கு! இப்போதெல்லாம் அவள் பேசுவதையே குறைத்துவிட்டாளே!

மிச்சமிருந்த ஒரு தட்டு மாவு கெட்டுவிடக் கூடாது. மணி இல்லாத ஓவனை நம்பி இதில் இறங்க முடியாது. தெருமுனை எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்து, "உடனே வாங்க, ஒரு குடும்பமே உங்க கையிலதான் இருக்கு" என்றார்.

நாலு மணிக்குச் சற்று முன்னால் கதவு படபடவென்று தட்டப்பட்டது. அவள்தான் என்று முகத்தில் மாவோடு ஓடினார். கருவிப் பையோடு எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். கதவை இடித்த கை சிவந்திருந்தது.

"கதவை உடைச்சிடலாமான்னு பாத்தேன் சார்" என்றார் அவர்.

புகை வெளியே போய் அக்கம்பக்கம் கூடிவிடுமே என்று மொறுமொறு சார் வாசற்கதவை அழுத்தி மூடித் தாழ் போட்டார். எலக்ட்ரீஷியன் ஓவனின் முதுகைக் கழற்றினார், ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார், எதையோ திருகினார், மறுபடி மூடினார். டைமரை வைத்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார்.

"கேக்குதா சார்?"

"எங்க கேக்குது? அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டேன்!"

எலக்ட்ரீஷியன் மறுபடி வைத்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

மணி நாலைத் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் கடைசி மாவை உருட்டி உள்ளே வைத்தார். "உங்களுக்கு ஓவன் பழக்கம். எப்ப எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் ஒரு தினுசாகப் பார்த்தபடி ஓவன் பக்கத்தில் நின்றார். இடையிடையே வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். போகிற அவசரமாக இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"சார், எடுங்க, எடுங்க!" என்று அவர் திடீரென்று கத்தினார்.

எடுத்தார். ஓரம் இறுகி, நடுவில் மினுமினுவென்று இளகி, சாக்லேட்டும் ஆரஞ்சுமாக வாசனை மூக்கைத் துளைத்தது. ஆறும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பழையபடி உள்ளே தள்ளிவிடுமோ என்று தன் கைகள் மேலேயே அவருக்குச் சந்தேகம். பிறகு ஒன்றை எடுத்து வளைத்தார். வளைந்தது. கிழிந்ததே தவிர ஒடியவில்லை. அவள் செய்தது போலவே இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒடியாத பிஸ்கட்டைப் பார்த்து மொறுமொறு சாருக்குக் கண் கலங்கிற்று.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை ஆகிவிட்டது.

"வரலை" என்றார். "வர்றேன்னு சொன்னா, வரலை. மனசு மாறி நேரா ஸ்டேஷனுக்கே போயிட்டா போல. யாருக்காகச் சுட்டேன் இதை? யாரு இருக்கா இங்க திங்க?"

தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். இனி அழுதாலும் ஒன்றுதான், சிரித்தாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. எலக்ட்ரீஷியன் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு, கிளம்பலாமா வேண்டாமா என்று சங்கடமாக நின்றார்.

மொறுமொறு சார் தலையைத் தூக்காமலே கேட்டார். "மணியாவது சரியாச்சா, இல்லை அதுவும் போச்சா?"

எலக்ட்ரீஷியன் குனிந்து, அவர் காதோரம் வாயை வைத்து உரக்கச் சொன்னார்:

"ஓவன்ல ஒரு கோளாறும் இல்லை சார், நான் வந்ததிலேருந்து ஒவ்வொரு தடவையும் அது கீ கீன்னு கத்திச்சு, அரை மணி நேரமா விடாம அடிக்குதே உங்க வாசல் காலிங் பெல், அதுவும் நல்லாத்தான் அடிக்குது, யாரோ வேண்டாதவங்கன்னு வேணும்னே திறக்காம இருக்கீங்கன்னுல்ல நானும் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்!"