விமானத்துக்கு மாமா போட்ட மாலை

எலுமிச்சம்பழம் நசுங்காமல் எங்கள் தோட்டத்தில் எந்தச் சக்கரமும் புறப்பட்டதில்லை. சைக்கிள், த்ரீவீல், தேயிலைக் கொழுந்து லொறி எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்தான். பறக்கிற வண்டிக்கு மட்டும் விலக்கு உண்டு என்று நினைத்த அறிவாளி நான்.

நிவித்திகலப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் விமானம் ஓட்டப் படித்தாள் என்றால் யாரும் நம்புவதில்லை. (என் மாமியார் இன்றும் நம்பவில்லை.) மாணிக்கக்கல் முதலாளி ஒருவருக்குப் பழைய விமானங்கள் மேல் பைத்தியம். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று இறக்கை வைத்த அந்தக் காலத்துப் பயிற்சி விமானம் ஒன்றை வாங்கி, தோட்டத்து அடிவாரத்தில் புல்தரையைச் சமப்படுத்தி ஓட விட்டிருந்தார். அந்த விமானத்துக்கும் எங்கள் லயத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. விமானத்தை மட்டும் பழுதுபார்த்திருந்தார்கள்.

ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குப் பயிற்சி என்று அவர் அறிவித்தபோது நானும் சேர்ந்துகொண்டேன். ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் கற்றுக்கொடுத்தார்; எங்களுக்கு அவர் 'சேர்'. முதல் தடவை தனியாகப் பறந்து ஒழுங்காக இறங்கினால்தான் மேற்கொண்டு படிப்பு, இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போவதென்றால் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது. அந்த வாளிக்குப் பயந்துதான் நான் பறக்கவே வந்தேன்.

இப்படி இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு பறந்திருக்கலாம். நான் தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்தேன். நான் தனியாகப் பறக்கும் நாளன்று பாதிப் பேர் அரைநாள் வேலையை விட்டுவிட்டுக் கொழுந்து லொறியில் வந்து இறங்கினார்கள். லொறியை ஓட்டி வந்தவர் என் அம்மாவின் தம்பி, ராசு மாமா.

நான் விமானத்தைச் சுற்றிவந்து எல்லாம் சரிபார்த்து முடித்த பிறகுதான் மாமா பூசையைத் தொடங்கினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மூக்கில் சந்தனம் அப்பினார்.

"மாலைய எங்கன புள்ள கட்டுறது?"

"எங்கயாச்சும் கட்டுங்க மாமா" என்றேன். (கறுப்புக் கண்ணாடி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த விமானிக்கு அதெல்லாமா முக்கியம்?)

இறக்கைக் கம்பியில் கொக்கி மாதிரி ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வேப்பிலையும் மிளகாயும் கோத்த மாலையை மாமா அதில் நாலு சுற்றுச் சுற்றி, லொறிக்காரர் முடிச்சாகப் போட்டு இறுக்கினார். காற்றை உள்வாங்கி விமானத்தின் வேகத்தைச் சொல்லும் குழாய் அது. பரீட்சையில் அதைப் படமாக வரைந்து முழுப் புள்ளி வாங்கியவள் நான்.

புறப்படும்போது வேகம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். நான் சனத்துக்குக் கையாட்டிக்கொண்டிருந்தேன். மேலே போய்த்தான் பார்த்தேன், முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. அதன் கணக்குப்படி நான் ஆகாயத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

வேகம் குறைந்தால் விமானம் கல்லு மாதிரி விழும் என்பது முதல் பாடம். எனவே பயத்தில் வேகத்தைக் கூட்டினேன். முருகனையும் மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினேன். அந்த வேகத்தில் சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் துள்ளியது. மறுபடி தொட்டது, மறுபடி துள்ளியது. அந்த விமானத்துக்குப் பிரேக்கும் கிடையாது. புல்தரை முடிந்து இறப்பர் நாற்றுமேடை வந்தது. கன்றுகளை மிதித்துக்கொண்டு போய், மூக்கைச் சேற்றில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் வார்ப்பட்டியில் தலைகீழாகத் தொங்கினேன். எந்த மரத்துக்குப் பயந்து பறந்தேனோ அதன் குஞ்சுகளுக்கு நடுவில்தான் வந்து விழுந்திருந்தேன்.

முதலில் ஓடி வந்தது அம்மா. "கை கால் இருக்காடி?" என்று கேட்டு, இருக்கிறது என்று தெரிந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள்.

பயிற்சி சேர் வந்தார். அவர் கண் நேரே குழாய்க்குப் போனது. "மே மொகத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

மாமாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே விளக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்: "பாத்தீங்களா, அம்புட்டு அடியிலயும் மாலை அறுபடல. அது மட்டும் இல்லாட்டி புள்ள செத்திருக்கும்."

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்கு மாமாவைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. சேர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் கேட்டார், ஏறுவதற்கு முன் கடைசியாகச் சுற்றிப் பார்த்தது யார் என்று.

"யாரும் பாக்கல சேர்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

படிப்பு போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் அந்த மாலையை அவிழ்த்து என் கழுத்தில் போட்டார். விமானம் தேறும்வரை கொட்டகையைக் கூட்டு, அதற்குப் பிறகு முதல் பாடத்திலிருந்து வா என்றார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தலையாட்டினேன்.

இப்போது பயணிகள் விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். அதுவும் அந்த மாலையின் மகிமை என்றே மாமா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். யாரும் மறுப்பதில்லை, நான் உட்பட.

போன வருடம் என் கல்யாணம். மாலை மாற்றும் நேரம், மேளம் உச்சத்தில் இருந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்து கொடுத்தார். நான் மாலையைத் தூக்கியதும், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி அம்மா சொன்னாள்:

"மூக்க மறைக்காம போடுடி, அந்தப் புள்ளைக்கு மூச்சு வரணும்."