பின்னாடி பார்த்து ஒரு சீட்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, அப்பா, பிள்ளைகள் இரண்டும் சௌக்கியம். வண்டியின் சௌக்கியம் பற்றித்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே உன் அண்ணி பிடுங்கிக்கொள்வாள், அவள் சொல்கிற கதையில் முட்டாள் நானாகத்தான் இருப்பேன். அதனால் முந்திக்கொள்கிறேன்.

போன தடவை நீங்கள் வந்திருந்தபோது எல்லோருமாக வெளியே கிளம்பி, காரில் இடம் போதாமல் உன்னையும் மாப்பிள்ளையையும் பின்னால் ஆட்டோவில் வரச் சொன்னேன் இல்லையா? இறங்கியதும் நீ, "அண்ணன் வண்டியில சொந்தக்காரங்களுக்குத்தான் இடம் போல" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து மனசே சரியில்லை. இனி நீ வந்தால் என் வண்டியில், எங்களோடுதான் வர வேண்டும் என்று முடிவு கட்டி, டிக்கியில் கிடந்த பழைய குடை, பாதி காலியான பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கே இரண்டு பேர் உட்காரும்படி சீட் வைக்கக் குஷன் கடைக்காரரிடம் வண்டியை விட்டேன். அனுபவஸ்தர், அவருக்குத் தெரியாததா என்ற மரியாதையில், "பின்னாடி பார்த்து ஒரு சீட் போட்டுடுங்க"ன்னு சொன்னேன். மனுஷன் தலையைச் சொறிந்தார்.

"பின்னாடி பார்த்தா சார்?"

"ஆமாங்க, பின்னாடி பார்த்துதான்."

"முன்னாடி பார்த்து வேணாமா?"

"முன்னாடிதான் ஏற்கெனவே சீட் இருக்கே!"

அவர் டேப்பை எடுத்து டிக்கியை அளக்க ஆரம்பிச்சுட்டார். வண்டியை எடுக்கப் போனா, சும்மா சொல்லக் கூடாது, சீட்டுன்னா சீட்டு. கெட்டி குஷன், பளபளன்னு ரெக்சின், ரெண்டு பேருக்கும் பெல்ட்டு. ஆனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, பின் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கு! "யோவ், நான் பார்த்துன்னு சொன்னது இடம் பார்த்து, அளவு பார்த்து, நிதானமா பார்த்துங்கிற அர்த்தத்துலய்யா!"ன்னு கத்தினேன். "நானும் நிதானமாத்தான் சார் ரெண்டு தடவை கேட்டேன்"னாரு.

சரி, ஓட்டித்தான் பார்ப்போமேன்னு உன் அண்ணியைப் பின்னாடியும் பிள்ளைங்களை நடு சீட்டுலயும் ஏத்திக் கிளம்பினேன். சிக்னல்ல நிக்கும்போது பின்னால ஒருத்தன் விடாம ஹாரன் அடிச்சான். இவ நேருக்கு நேரா அவனைப் பார்த்து, "என்ன?"ன்னு கையாலேயே கேட்டிருக்கா. அவன் ஹாரன்லேர்ந்து கையை எடுத்துட்டுக் குனிஞ்சு மடியைப் பார்க்க ஆரம்பிச்சுட்டான். அதுல இவளுக்கு ஒரு தெம்பு வந்துடுச்சு. எனக்கு வழி வேற சொல்ல ஆரம்பிச்சா. "இடது பக்கம் திரும்புங்க!"ன்னா. திரும்பினேன். பின்னாடி பார்த்து உட்கார்ந்திருக்கிறவளோட இடது எனக்கு வலதுங்கிறது அந்த நேரத்துல யாருக்கு உறைச்சுது? வண்டி நேரா ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகைக்குள்ள போயிடுச்சு. நாங்க கழுவத்தான் வந்திருக்கோம்னு அவங்க குழாயைத் திறந்துட்டாங்க. உன் அண்ணி பக்கத்து ஜன்னல் திறந்திருந்துச்சு. சொட்டச் சொட்ட நனைஞ்சவ சொல்றா: "கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் சொன்ன பக்கம் நீங்க திரும்பினதே இல்ல. இன்னிக்குத்தான் திரும்பினீங்க. அதுவும் தப்பு!" பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க.

எனக்குத்தான் சிரிப்பு வரல. போன தடவை ஆட்டோவுல விட்டான், இந்தத் தடவை டிக்கியில, அதுவும் திருப்பி உட்கார வச்சுட்டான்னு நீ நினைச்சுட்டா? அந்தப் பயம்தான் எனக்கு.

ஆகவே தங்கையே, கவலைப்படாதே. குஷன் கடைக்காரர் நாளைக் காலை வீட்டுக்கே வந்து, போல்ட்டைக் கழற்றி சீட்டை முன்பக்கம் திருப்பிப் பொருத்தித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். நீ தாராளமாக வா, எங்களோடு சேர்ந்து ஒரே பக்கம் பார்த்து உட்கார். மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கு அண்ணி, பிள்ளைகளின் அன்பும் அப்பாவின் ஆசீர்வாதமும். நோய்நொடி இல்லாமல், இதே வாய்த்துடுக்கோடு நீ நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: குஷன் கடைக்காரர் இன்று காலை ஸ்பேனரோடு வந்தார். அப்பா அவருக்குக் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஏம்ப்பா?" என்றேன். "ஒவ்வொரு தடவையும் நீ அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறப்ப நான் வாசல்ல நின்னு கையாட்டுறேன். எனக்குத் தெரியறதெல்லாம் அவ பின்னந்தலைதான். இந்தச் சீட்டுல உட்கார்ந்தா தெருமுனை வரைக்கும் அவ முகம் தெரியும்டா" என்றார். எனவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சீட் பின்னாடி பார்த்தேதான் இருக்கும். தெருமுனை வரைக்கும் மெதுவாகவே ஓட்டுகிறேன்.