நோட்டம் வண்டி எடுக்கிறார்

"நான் பைக் வாங்கப் போறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில், காபிக் கோப்பையை மேஜைமேல் ஓங்கி வைத்துவிட்டு அறிவித்தார் நோட்டம்.

"வாங்குங்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

பெரிய சண்டைக்குத் தயாராக வந்திருந்தார் அவர். 'இந்த வயசுல எதுக்கு' என்பாள், அதற்கு ஒரு பதில். 'விழுந்து வெச்சா யார் பாக்கறது' என்பாள், அதற்கு ஒரு பதில். எல்லாம் குளியலறையில் சோப்பு நுரையோடு நின்று ஒத்திகை பார்த்த பதில்கள். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தோளால் மோதிய கதவு சும்மா சாத்தியிருந்தால் ஆள் எப்படிப் போய் விழுவானோ, அப்படி விழுந்து கிடந்தார், உட்கார்ந்த இடத்திலேயே.

நோட்டம் என்பது அவர் பெயர் இல்லை. காப்பீட்டு அலுவலகத்தில் கிடைத்த பட்டம். கடை எரிந்துவிட்டது, நஷ்டஈடு கொடுங்கள் என்று யாராவது வந்தால், தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று நோட்டம் விட்டு வருவது அவர் வேலை. சாம்பலை முகர்ந்தே சொல்லிவிடுவார். உலகத்தில் பாதிப் பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப் பேர் இன்னும் மாட்டவில்லை என்பது அவருடைய கொள்கை. இந்தக் கொள்கையை மாலையில் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பால் ஏன் இன்றைக்குக் கெட்டியாக இருக்கிறது என்று கேட்பார். தண்ணியாக இருந்தாலும் கேட்பார்.

இவ்வளவு வயதாகியும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அலுவலகத்தில் மற்ற எல்லாருக்கும் நன்றாக ஓட்டத் தெரியும். தினமும் அவரைத்தான் ஓட்டினார்கள். "என்ன சார், இன்னிக்கு லேட்டு? பஸ் டிரைவரையும் சந்தேகப்பட்டு இறங்கிட்டீங்களா?" என்பார்கள். அவர்கள் தன்னை ஓட்டுவதை நிறுத்த வேண்டுமானால் தான் ஒன்றை ஓட்டியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்துத்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையை ஓங்கி வைத்தார்.

"ஏம்மா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. பைக்."

"வேணாம்னு சொல்ல மாட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்?"

"எப்பவும் சொல்லுவியே."

"சரி, வேணாம்."

"ஏன் வேணாங்கிற?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "வாங்குங்கன்னாலும் ஏன்னு கேக்குறீங்க, வேணாம்னாலும் ஏன்னு கேக்குறீங்க. நான் இந்தத் திரையைத் தெச்சு முடிக்கவா, வேணாமா?"

வீடுகளுக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். முன்னறையில் மனிதர்கள் உட்கார இடம் கிடையாது, துணிதான் உட்கார்ந்திருக்கும். தைத்து முடித்ததை மூட்டையாகக் கட்டி, பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போய், வாடிக்கையாளர் வீட்டில் ஏணிமேல் ஏறி மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். நோட்டம் அந்தத் துணிமலைக்கு நடுவே நின்று அவளையே பார்த்தார். பைக் வாங்க அவள் சம்மதிக்கிறாள். அப்படியென்றால் அவளுக்கு இதில் ஏதோ இருக்கிறது. என்ன இருக்கிறது?

அதைக் கண்டுபிடிக்கவே வண்டிக் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடைக்காரர் வாசலுக்கே வந்து சிரித்தார். நோட்டத்துக்கு அதுவே பிடிக்கவில்லை.

"வாங்க சார். எந்த மாதிரி வண்டி பாக்குறீங்க?"

"நீங்க எதைத் தள்ளிவிடலாம்னு பாக்குறீங்க?"

கடைக்காரரின் சிரிப்பு ஒரு தடவை அணைந்து, மறுபடி ஸ்டார்ட் ஆனது. "முதல் வண்டியா சார்?"

"யார் சொன்னது?"

"ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டிருக்கீங்க சார்."

நோட்டம் ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மனைவி நேராகப் போய் ஒரு பைக்கின் பக்கத்தில் நின்றாள். கடையிலேயே பெரியது. கறுப்பு. எருமை முதுகு மாதிரிப் பெட்ரோல் டாங்க்.

"என்னங்க, இதுல உக்காந்தா நீங்க ராஜா மாதிரி இருப்பீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் அவர் மந்திரிகூட ஆனதில்லை. திடீரென்று முடி சூட்டுகிறாள். நோட்டம் உஷாரானார். ஆனாலும், ராஜா என்று சொன்னபிறகு ஏறாமல் இருக்க முடியுமா? கடைக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஏறினார். இடது கால் தரையைத் தொட்டால் வலது கால் தொடவில்லை. வலது கால் தொட்டால் இடது கால் காற்றில் மிதந்தது.

"கிளட்சை மெதுவா விடுங்க சார்."

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா?"

"அது கைக்கே தெரியும் சார்."

கைக்குத் தெரியவில்லை. பட்டென்று விட்டார். வண்டி தவளை மாதிரி ஒரு தாவல் தாவி அணைந்தது. அதற்குப் பிறகு, எந்த அவசரமும் இல்லாமல், ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"சாயுது சார்."

"நான்தான் சாய்க்கிறேன்."

"முழுசா சாயுது சார்."

"முழுசாத்தான் சாய்க்கிறேன்" என்று தரையிலிருந்து பதில் வந்தது.

மனைவி ஓடி வந்து அவரைத் தூக்கி, சட்டையில் இருந்த மண்ணைத் தட்டினாள். "அடி ஒண்ணும் இல்லையே? விழுந்தப்பகூட கம்பீரமாத்தான் இருந்தீங்க. இதையே எடுத்துடலாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார் நோட்டம். முழங்கால் வலித்தது. அதைவிட அந்தக் 'கம்பீரம்' வலித்தது. புருஷன் மண்ணில் கிடக்கிறான், இவள் அதே வண்டியை எடுக்கச் சொல்கிறாள். இது என்ன பாசம்?

மறுநாள் மாலையே விடை கிடைத்தது. மாடிவீட்டில் ஒரு நர்ஸ் இருந்தார். மனைவிக்கு அக்கா மாதிரி. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். அது எப்போதும் குசுகுசுப்புதான், எவ்வளவு காதைத் தீட்டினாலும் 'ம்', 'ஆமா' தவிர ஒன்றும் தேறாது. அன்றைக்கு மட்டும், சமையலறை ஜன்னலோரம் நோட்டம் போய் நின்றதும், ரேடியோ செய்தி மாதிரி ஒவ்வொரு சொல்லும் வந்து விழுந்தது. தன் காதின் கூர்மையை மெச்சிக்கொண்டார்.

"அக்கா, அவர்கிட்ட ஸ்கூட்டர்ங்கிற பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க."

"ஏம்மா?"

"ஸ்கூட்டர்னா சுலபமா ஓட்டிடுவாரு. உடனே வாங்கிடுவாரு. பெரிய பைக்னா இன்னும் ரெண்டு தடவை விழுவாரு, அப்புறம் வண்டியே வேணாம்னு விட்டுடுவாரு. சேத்து வெச்ச பணத்துல நான் ஒரு மோட்டார் தையல் மெஷின் வாங்கிக்குவேன்."

"அடேங்கப்பா. நீ லேசுப்பட்டவ இல்ல."

நோட்டம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எத்தனை எரிந்த கடைகளைப் பார்த்திருக்கிறார். சொந்த வீட்டிலேயே ஒருத்தி தீப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். அன்றிரவு அவருக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. கண்டுபிடித்துவிட்டார் அல்லவா? நன்றாகத் தூங்கினார்.

அடுத்த விடுமுறையில் கடைக்குள் நுழைந்ததுமே, "ஸ்கூட்டர் காட்டுங்க" என்றார்.

மனைவியின் முகம் சுருங்கியது. நோட்டத்துக்குள் இனித்தது.

"ஸ்கூட்டரா? எதுக்குங்க? கியர்கூட இல்ல."

"கியர் இருந்தாத்தான் வண்டியா? ஊருக்குள்ள போறதுக்கு கியர் எதுக்கு?"

"சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கே."

"ரெண்டு காலும் தரையில பதியுது பாரு. அதுதான் முக்கியம். என்னங்க கடைக்காரரே?"

"கரெக்ட் சார்" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டே.

"அது சரி, முன்னாடி காலை வைக்கிற இடம் ஏன் இப்படி வெறும் பலகை மாதிரி கிடக்கு? பாக்கவே நல்லா இல்ல."

"உனக்கு என்ன தெரியும்? அதுல சாமான் வெக்கலாம். உன் திரைத்துணி மூட்டையவே வெக்கலாம், தெரியுமா?"

"மூட்டை நிக்குமா?" என்றாள் அவள் சந்தேகமாக.

நோட்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பலகைமேல் வைத்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். பெட்டி நகரவில்லை. இதுவரை யாரையும் நம்பாத மனிதர், கடைக்காரர் சொல்ல வேண்டியதையெல்லாம் தானே சொல்லி, ஒரு வண்டியை விற்றுக்கொண்டிருந்தார்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா அந்த ஊதாக் கலர் மட்டும் வேணாங்க" என்றாள் அவள்.

"ஊதாதான்" என்றார் நோட்டம்.

வண்டி கைக்கு வரும் நாளும் வந்தது. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த ஊதா ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு தெருவில் நுழையும் காட்சியை மனதில் பலதடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மனைவி ஒரு பெரிய மூட்டையோடு வந்தாள். ஏன் மூட்டை என்று கேட்டார். போகிற வழியில் கொடுக்க வேண்டும் என்றாள். வழி எது என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாவியை நீட்டிய கடைக்காரர் கையைப் பாதியில் நிறுத்தினார். "சார், உங்ககிட்ட இருக்கிறது பழகுறவங்களுக்குக் கொடுக்கிற லைசென்ஸ்தானே? முழு லைசென்ஸ் உள்ளவங்க யாராவது கூட வந்தாத்தான் ரோட்டுல எடுக்க முடியும்."

"அப்படி யாரும் இல்லையே" என்றார் நோட்டம்.

"நான் இருக்கேனே" என்றாள் மனைவி.

சாவி அவள் கைக்குப் போயிற்று. கைப்பையைக் குறுக்கே மாட்டினாள். ஒரே தள்ளில் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். கடை முன்னால் ஒரு வட்டம் போட்டுவந்து, நோட்டத்தின் செருப்பு நுனிக்கு ஒரு விரல் தூரத்தில் அலுங்காமல் நிறுத்தினாள். மூட்டையை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"எப்போ கத்துக்கிட்ட?"

"நீங்க ஆபீஸ்ல இருக்கும்போது."

"யார் சொல்லிக் கொடுத்தா?"

"மாடி அக்கா. அவங்க வண்டியிலதான். லைசென்ஸுக்கும் அவங்கதான் கூட வந்தாங்க."

நோட்டத்தின் மண்டைக்குள் மெதுவாக ஏதோ எரியத் தொடங்கியது. ராஜா, கம்பீரம், படிக்கட்டு எல்லாம் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.

"அப்ப அந்தத் தையல் மெஷின்?"

"எந்தத் தையல் மெஷின்?"

"படிக்கட்டுல உக்காந்து பேசினியே."

"ஓகோ. ஜன்னல்ல நின்னு ஒட்டுக் கேட்டீங்களா?"

அவர் பின் சீட்டில் ஏறினார். கடைக்காரர் கை காட்டினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஊருக்கு வெளியே போயிற்று. புதிதாகக் கட்டிய தங்கும் விடுதி ஒன்றுக்கு எல்லா ஜன்னலுக்கும் திரை தைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். பஸ் போகாத இடம். போன வருஷமும் இப்படி ஒரு வேலை வந்து, போய்வர வழி இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். காற்றில் அவள் சொல்லச் சொல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு என்னவோ போல் இருந்தது. ஊரெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற மனிதர். அவள் ஏன் அந்த வேலையை விட்டாள் என்று மட்டும் கேட்கவே இல்லை.

"நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே. வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேனா?"

"கொடுத்திருப்பீங்க. எதுக்குக் கேக்குறா, யார் சொல்லிக் கேக்குறான்னு விசாரிச்சு முடிச்சதும். அதுக்குள்ள அந்த விடுதியவே இடிச்சுக் கட்டியிருப்பாங்க."

அவள் சீராக ஓட்டினாள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. அவள் போட்ட கணக்கில் எங்கேயாவது ஓர் ஓட்டை இருக்க வேண்டுமே என்று தேடினார். கிடைத்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் சரி. நான் உன் பேச்சை அப்படியே நம்பி, அந்தப் பெரிய கறுப்பு பைக்கையே எடுத்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுக்காகத்தான் அக்கா வீட்டுக்காரரோட பைக்கையும் ஓட்டிப் பழகிட்டேன். வளைவு வருது, நல்லாப் பிடிச்சுக்கங்க."