இருபது லிட்டர் தொந்தி

பாடம் நடத்துகிறவனுக்குப் பாடம் புரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. இருந்திருந்தால், மும்பை செம்பூரில் நான் பன்னிரண்டு வருஷமாக நடத்தும் ஒன்பதாம் வகுப்பு ட்யூஷனை என்றைக்கோ இழுத்து மூடியிருப்பார்கள்.

'கனமான பொருள் தண்ணீரில் மூழ்கும்' என்று எழுதும் பிள்ளைகளுக்கு நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவேன். பக்கத்தில் 'கனம் இல்லை, அடர்த்தி' என்று அழுத்தி எழுதுவேன். (அடுத்த பக்கம்வரை பதியும்.)

எங்கள் கட்டடத்தில் வருஷா வருஷம் பிள்ளையார் வைப்பார்கள். பொறுப்பு முழுக்க சாவந்த் காக்காவுடையது (மராட்டியில் காக்கா என்றால் சித்தப்பா). ஆரத்திக்குக் கை தட்டிவிட்டு மோதகம் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் எங்கள் பங்கு. அந்த வருஷம் என் மனைவி வித்யா கமிட்டியில் எழுந்து, தண்ணீரில் கரையும் காகிதக்கூழ்ப் பிள்ளையார் வைக்கலாம், என் கணவர் செய்வார், அவர் சயன்ஸ் மாஸ்டர் என்று சொல்லிவிட்டாள். சாவந்த் காக்கா ரொம்ப யோசித்து ஒப்புக்கொண்டார். ஏதாவது கோளாறு ஆனால் அடுத்த வருஷம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அவளிடம்தான் சொன்னார். அவளும் சரி என்றாள். நாற்பது வீட்டுக்கு முன்னால் அவள் கொடுத்த வாக்கு அது.

நான் களத்தில் இறங்கினேன். தொந்திக்கு மட்டும் மூட்டை மூட்டையாகக் காகிதம் தேவைப்படும் போலிருந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (செய்யாமலே இருந்திருக்கலாம்). வீட்டில் காலியாகக் கிடந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்த்து, வாயைப் பீடத்துக்குள் செருகி, சுற்றிலும் கூழை அப்பினேன். மேலே மூன்று பூச்சு வார்னிஷ். கரையும் பிள்ளையாருக்குள் பிளாஸ்டிக் கேன் இருக்கலாமா என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

வித்யாவுக்கு வேறொரு கேள்வி தோன்றியது.

"ஏன்னா, அந்தக் கேன் மூடியை எடுத்தேளா?"

மூடியை எடுத்தால் கூழ் உள்ளே போய்விடும் என்றேன். அப்படியானால் மிதக்காதா என்றாள். "எட்டு கிலோ இருக்கார். எட்டு கிலோவைத் தண்ணியில போட்டா முழுகாம என்ன பண்ணும்?" என்று சிரித்தேன்.

ஐந்து நாள் பூஜை அமோகமாக நடந்தது. பார்த்தவர்களெல்லாம் தொந்தியைப் பாராட்டினார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் மேளதாளத்தோடு மைதானத்துச் செயற்கைக் குளத்துக்குப் போனோம். நானும் சாவந்த் காக்காவும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினோம். கரையில் நாற்பது வீடு, பின்னால் தங்கள் பிள்ளையாரோடு காத்திருக்கும் நாலைந்து கட்டடத்துக்காரர்களின் வரிசை. முன்வரிசையில் என் ட்யூஷன் மாணவிகள்.

'அடுத்த வருஷம் சீக்கிரம் வா' என்று மராட்டியில் எல்லோரும் கோஷம் போட, பிள்ளையாரை முக்கினோம். கையை எடுத்ததும் திரும்பி வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மறுபடி முக்கினோம், மறுபடி வந்தார். மூன்றாம் தடவை நான் அவர் மேலேயே படுத்தேன். நான் முழுகினேன், அவர் மிதந்தார். மேளம் நின்றுவிட்டது. "மாஸ்டர்ஜி, கணபதி பப்பாவுக்குப் போக மனசில்லை போல" என்று சாவந்த் காக்கா இந்தியில் மெதுவாகச் சொன்னார். அவர் பார்வை கரையில் நின்ற வித்யா மேல் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அப்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

மூக்கில் தண்ணீர் ஏறிய நிலையில்தான் கணக்கு உறைத்தது. இருபது லிட்டர் இடத்தை அடைக்கிறவர் இருபது கிலோவுக்கு மேல் இருந்தால்தான் மூழ்குவார். என் பிள்ளையார் எட்டு. கேனுக்குள் இருந்ததெல்லாம் காற்று. பன்னிரண்டு வருஷமாகச் சிவப்பு மையில் நான் எழுதியது இதைத்தான்.

பீடத்தைப் பிய்த்து, தடவித் தடவி மூடியைப் பிடுங்கினேன். பிறகு பயபக்தியோடு பிள்ளையாரை நேராக நிமிர்த்தி வைத்தேன். அப்போதும் மிதந்தார்.

கரையிலிருந்து வித்யாவின் குரல் வந்தது. "டம்ளரைக் கவுத்து அமுக்கினா தண்ணி எப்படின்னா உள்ள போகும்? சாய்ச்சுப் பிடிங்கோ."

சாய்த்தேன். குபுக் குபுக்கென்று காற்று வெளியே வந்தது. கடைசியாகப் பெரிய ஏப்பம் ஒன்று விட்டுவிட்டுப் பிள்ளையார் அடியில் போய் உட்கார்ந்தார். மேளம் மறுபடி தொடங்கியது.

அடுத்த வருஷம் காகிதக்கூழ்ப் பேச்சை சாவந்த் காக்காவே எடுத்தார். பொறுப்பு வித்யாவுக்கு. மாஸ்டர்ஜி கை வைக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. குளத்திலிருந்து மீட்ட கேன் எங்கள் பால்கனியில் இருக்கிறது. விருந்தாளி கிளம்பாமல் பேசிக்கொண்டே இருந்தால், "மூடியைத் தெறந்தாச்சா?" என்று என் பெண் சமையலறையிலிருந்து கேட்பாள்.

இன்றைக்கும் குளத்தில் பிள்ளையாரை முக்கும் நேரத்தில் நாற்பது வீடும் அவரைப் பார்ப்பதில்லை, திரும்பி என்னைத்தான் பார்க்கும். வித்யா மட்டும் திரும்ப மாட்டாள். ஆனால் அவள் தோள் குலுங்குவது பின்னால் நிற்கும் எனக்கு நன்றாகவே தெரியும்.